தல்லாகுளத்தில் ஒரு காலிச் சுவர்

மதுரையில் ஒரு காலிச் சுவர் கிடைப்பது, அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வைகைக் கரையில் கால் நீட்டி உட்கார இடம் கிடைப்பது மாதிரி. காதுகுத்து, கல்யாணம், குடிபுகுதல், வெளிநாட்டு விசா வந்தது என்று எதற்கும் இந்த ஊரில் பிளக்ஸ் உண்டு. ஒரு தடவை இம்மானுவேல் குடியிருந்த தெருவில் காதணி விழாவுக்குக் கட்டிய பிளக்ஸில் தாய்மாமன்கள் மட்டும் நாற்பத்தொரு பேர். அத்தனை பேரும் கூலிங்கிளாஸில். பின்னால் இரண்டு சிங்கங்கள். காது குத்திக்கொள்ளும் பிள்ளை ஒரு சிங்கத்தின் வாலுக்குக் கீழே தபால்தலை அளவுக்கு இருந்தது. அந்தப் பிளக்ஸ் நின்ற மூன்று நாளும் தெருவில் பொழுது இருபது நிமிஷம் தாமதமாக விடிந்தது என்று இம்மானுவேல் சொல்லிக்கொண்டு திரிந்தார். மனுவாகவும் எழுதிப் போட்டார்.

மனு எழுதுவது அவருக்கு வியாதி. ஒரு மிஷன் பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்தாறு வருஷமும் அடுத்தவர் கொடுத்த விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதுதான் அவர் பார்த்த உத்தியோகம். ஓய்வு பெற்ற மறுநாள் வாசலில் வந்து நின்று பார்த்தால், ஊர் முழுக்க ஒரு பெரிய விண்ணப்பமாகத் தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் குறை. திருப்பி அனுப்ப வழியில்லாததால் மனு எழுத உட்கார்ந்தார். எட்டு வருஷத்தில் நூற்றுப் பன்னிரண்டு மனு. அதில் ஒன்றாவது பலித்தது என்று ஒரு காக்கா குருவிகூட வந்து சொன்னதில்லை.

அப்படிப்பட்டவர், தல்லாகுளத்தில் டவுன் பஸ் திரும்புகிற வளைவில், இருபதடி அகலத்துக்கு ஒரு போஸ்டர்கூட ஒட்டாமல் பளபளவென்று நின்ற அந்தச் சுவரைப் பார்த்ததும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. கர்த்தர் தனக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

சுவர் தேடிய காரணம் அவர் மனைவி எஸ்தர். மனையியல் ஆசிரியையாக இருந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். எஸ்தர் சுட்ட பிளம் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு ஒரு சபைப் போதகர் பிரசங்கத்தை மறந்து நின்றார் என்று இம்மானுவேல் சொல்வார்; பாதியைக் கழித்துக்கொண்டாலும் நல்ல கேக்தான். இருபது வருஷமாக வீட்டு அடுப்படியில் ஊருக்கெல்லாம் சுட்டுக் கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு கடை வைக்க வேண்டுமென்று ஆசை. டிசம்பர் முதல் தேதி திறப்பு என்று முடிவு. கிறிஸ்துமஸ் மாசத்தைப் பிடித்தால்தான் கடை காலூன்றும். விட்டால் ஜனவரியில் கேக் வாங்க எவன் வருவான்?

கிடைத்த கடையோ, அந்தக் காலிச் சுவருக்குப் பின்னால், ஒரு நடை வழியாகப் பத்தடி உள்ளே போனால் இருந்தது. வாடகை கட்டுப்படி. ஆனால் வெளிச் சுவரில் ஒரு பலகை இல்லாவிட்டால், உள்ளே கேக் கடை இருக்கிற விஷயம் எறும்புக்கு மட்டும்தான் தெரியும்.

இடத்தைக் கேட்டதும் எஸ்தர் முகம் சுருங்கியது. "அந்த வளைவாங்க?" என்றார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கேதான் அவர் விழுந்தார். அப்போது அந்தச் சுவரில் ஒரு டியூஷன் சென்டர்காரன் இரும்புச் சட்டம் அடித்து, ரோட்டுக்கு மேலே நாலடி நீட்டிக்கொண்டு பெரிய பலகை மாட்டியிருந்தான். அந்த மறைவில் வந்த பஸ் தெரியாமல், இரண்டு கையிலும் மைதாப் பையோடு எஸ்தர் ரோட்டில் கால் வைத்துவிட்டார். டிரைவர் பிரேக் போட்டதில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு பையும்தான் வெடித்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக வீடு வந்து சேர்ந்து, நடுங்கிக்கொண்டே சொல்லி முடித்தவரிடம் இம்மானுவேல் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மாவு எம்புட்டுக் கிலோ போச்சு?" அந்தக் கேள்வியை எஸ்தர் இந்த ஆறு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தார். எந்தச் சண்டையானாலும் கடைசியில் அதுதான் வெளியே வரும்.

"இப்பத்தான் அந்தப் போர்டு இல்லையே, டியூஷன்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்" என்றார் இம்மானுவேல். மாநகராட்சியில் பத்தே நாளில் அனுமதி வாங்கித் தருவதாகவும் வாக்குக் கொடுத்தார். "நான் பார்க்காத விண்ணப்பமா?"

எஸ்தர் ஒன்றே ஒன்று சொன்னார். "போர்டு இல்லாம நான் கடையைத் திறக்க மாட்டேன். ஆளே வராத கடையில ஈ ஓட்டுறதுக்கு வீட்டிலேயே இருந்துக்கிடுவேன். அதை ஞாபகம் வச்சுக்கங்க."

இம்மானுவேல் முதலில் செய்த காரியம், அனுமதிக்கு முன்னாலேயே பலகைக்கு ஆர்டர் கொடுத்தது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் சேக் இஸ்மாயில் அவருக்குப் பழைய சிநேகிதர். இருபதடிக்குப் பத்தடி. வாசகத்தை இம்மானுவேலே எழுதிக் கொண்டுபோயிருந்தார். 'திருமதி எஸ்தர் இம்மானுவேல், எம்.எஸ்ஸி., பி.எட்., (ஓய்வு) அவர்களின் நேரடி மேற்பார்வையில், தரமான மூலப்பொருட்களைக் கொண்டு, முட்டை சேர்த்தும் சேர்க்காமலும், சுகாதார முறைப்படி தயாரிக்கப்படும் அனைத்து வகைக் கேக்குகளும் பொதுமக்களுக்குக் கிடைக்கும்' என்று தொடங்கி அது பதினோரு வரி போனது.

இஸ்மாயில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். "அண்ணே, பஸ்ஸுல போறவன் இதைப் படிச்சு முடிக்கணும்னா டிரைவர் எறங்கி டீ குடிச்சிட்டு வரணும்."

"படிக்கட்டும். நல்ல தமிழ்" என்றார் இம்மானுவேல்.

அனுமதி எண்ணுக்கு மட்டும் அடியில் ஒரு கட்டம் காலியாக விட்டு, பிளக்ஸ் அச்சாகிவிட்டது.

அடுத்து விண்ணப்பம். கட்டிடத்தை மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கியிருந்த உரிமையாளரின் சம்மதக் கடிதம், என்ஜினீயர் சான்று, இட வரைபடம், நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ, எல்லாம் வரிசையாக எண் போட்டு, பொருளடக்கம் வைத்து, மூலையில் பச்சை நாடா கோத்து, விண்ணப்பதாரர் எஸ்தர், அவருடைய பிரதிநிதி இம்மானுவேல் என்று கையெழுத்திட்டு மண்டல அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அந்தப் பிரிவின் உதவியாளர் உக்கிரபாண்டி. பெயருக்குப் பொருத்தமில்லாத சாந்தமான மனிதர். விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தவர் மெதுவாக எழுந்து நின்றார். தன் விண்ணப்பத்துக்கு மரியாதை செய்ய எழுந்திருக்கிறார் என்று நினைத்து இம்மானுவேலும் எழுந்து நின்றார். அவர் பீரோவுக்குப் போகத்தான் எழுந்தார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய கோப்பு இருந்தது.

"இந்தச் சுவருக்குத் தடை இருக்கே சார்" என்றார் உக்கிரபாண்டி. "ஆறு வருசத்துக்கு முன்னாடி ஒரு பேரவைக்காரங்க மனு குடுத்திருக்காங்க. பதினாலு பக்கம். விசாரிச்சு, அங்க இருந்த போர்டைக் கழட்டிட்டு, இனி வைக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கு."

கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு லெட்டர்ஹெட். 'விளம்பரப் பலகை ஒழுங்குமுறைப் பொதுமக்கள் பேரவை, தாமரைக்குளக் கரை, கீழக்குயில்குடி.' அதன் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் இம்மானுவேலுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அது அவருடைய கையெழுத்து.

நடந்தது இதுதான். எஸ்தர் விழுந்த சமயத்தில், ஒரு வருஷத்துக்கு மனு எழுதுவதில்லை என்று அவரிடம் இம்மானுவேல் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கை மீற மனசில்லை. மனு எழுதாமலும் இருக்க முடியவில்லை. பேரவை ஒன்று மனு எழுதினால் அது தனிமனிதர் இம்மானுவேல் எழுதியதாகாது அல்லவா? எஸ்தர் சபைப் பெண்களோடு கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குச் சுற்றுலா போன ஒரு சனிக்கிழமை, துணைக்குப் போன இம்மானுவேல் மலையேறாமல் அடிவாரத்துத் தாமரைக்குளக் கரையில் ஒரு பொட்டலம் கடலையோடு உட்கார்ந்து, பேரவையைத் துவக்கி வைத்து, துவக்க உரையாற்றி, இருபத்தேழு விதிகளை ஏகமனதாக நிறைவேற்றினார். தலைவர் அவர். ஒரே ஆள் இருந்தால் அலுவலகத்தில் மதிக்க மாட்டார்களே என்று, மலை மேலே இருந்த எஸ்தரைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார். பொருளாளர் பதவியைக் காலியாக வைத்தார். லெட்டர்ஹெட்டை அச்சடித்துக் கொடுத்தவர் சேக் இஸ்மாயில். தன் தொழிலுக்கு எதிரான பேரவைக்குத் தானே காகிதம் அடித்துத் தரும் பெருந்தன்மை ஆரப்பாளையத்தில்தான் உண்டு.

வீட்டு விலாசம் போட்டால் எஸ்தருக்குத் தெரிந்துவிடுமென்று குளக்கரை விலாசம். மாநகராட்சி அனுப்பிய பதில் அந்தக் குளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்து, அதுவும் கோப்பில் இருந்தது. தவளைகள் கையெழுத்துப் போட்டு வாங்கவில்லை போலிருக்கிறது.

உக்கிரபாண்டி நல்ல மனசோடு ஒரு வழி சொன்னார். மனுதாரரைக் கேட்காமல் தடையை நீக்க முடியாது. ஆனால் இந்தப் பேரவை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு குறிப்பு எழுதி அதிகாரி முன்னால் வைத்தால், புதிதாக இடத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுவார்கள். ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும்.

இந்த இடத்தில் இம்மானுவேல் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். எஸ்தரின் கடை திறந்திருக்கும். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வருவது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் அவர் கண் அந்தக் கோப்பை விட்டு நகரவில்லை. நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று பலித்திருக்கிறது. ஓரத்தில் யாரோ ஒரு அதிகாரி சிவப்பு மையில், 'மனுதாரரின் வாதம் மிகத் தெளிவாக உள்ளது' என்று எழுதியிருந்தார். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் அவருக்குக் கிடைக்காத பாராட்டு.

"சார்" என்றார் உக்கிரபாண்டியிடம், குரல் கம்ம. "அந்தத் தலைவர் நான்தான்."

உக்கிரபாண்டி பேனாவை எடுத்தார். "அப்ப விலாசத்தைச் சொல்லுங்க" என்றார்.

மூன்றாவது நாள் தபால்காரர் நாலு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தார். விண்ணப்பதாரர் எஸ்தருக்கு ஒன்று. விண்ணப்பதாரரின் பிரதிநிதி இம்மானுவேலுக்கு ஒன்று. பேரவைத் தலைவருக்கு ஒன்று. பேரவைச் செயலாளருக்கு ஒன்று. நாலும் ஒரே வீட்டுக்கு. இம்மானுவேல் வெண்ணெய் வாங்கப் போயிருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கியது எஸ்தர்.

வெண்ணெய்யோடு உள்ளே நுழைந்தவர், சாப்பாட்டு மேஜையில் நாலு காகிதமும் கல்யாணப் பத்திரிகை போல வரிசையாக விரித்திருப்பதைப் பார்த்தார். எஸ்தர் கத்தவில்லை. கத்தினால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"நான் எப்பங்க செயலாளரானேன்?" என்றார் எஸ்தர்.

"நீ மலையில இருந்தப்ப."

அதற்கப்புறம் விசாரணை நாள்வரை அந்த வீட்டில் பேச்சு இல்லை. இட்லி மட்டும் நேரத்துக்கு வந்தது. அதில் ஒன்று குறைந்திருந்ததாக இம்மானுவேலுக்குப் பட்டது. எண்ணிப் பார்க்கத் தைரியமில்லை.

விசாரணை நவம்பர் இருபத்தேழு. அதிகாரி தமிழ்வாணி, அவர்களுடைய மகள் வயசுதான் இருக்கும். முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொள்வதற்கே அன்றைக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கலாம். மனுதாரர் தரப்பு இடது பக்கம், விண்ணப்பதாரர் தரப்பு வலது பக்கம் என்று உக்கிரபாண்டி நாற்காலி போட்டிருந்தார். இருவரும் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் உக்கிரபாண்டியே நடுவில் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். வருகைப் பதிவில் ஆளுக்கு இரண்டு கையெழுத்து. அழைத்த நாலு பேரும் ஆஜர் என்று எழுதிக்கொண்டார்.

இம்மானுவேல் தயாராக வந்திருந்தார். சட்டைப் பையில் வாபஸ் கடிதம். எழுத மூன்று நாளாயிற்று. தன் வாழ்நாளில் ஜெயித்த ஒரே மனுவைத் தன் கையாலேயே கொல்கிறோம் என்கிற துக்கத்தில், அந்தக் கடிதம் கொஞ்சம் இரங்கற்பா மாதிரி வந்திருந்தது. பரவாயில்லை. டிசம்பர் முதல் தேதிக்கு நாலு நாள் இருந்தது. எஸ்தருக்குக் கடை திறக்க வேண்டும்.

தமிழ்வாணி கடிதத்தை வாங்கிப் படித்தார். பழைய மனுவோடு இணைத்திருந்த பேரவையின் விதிகளைப் புரட்டினார். "விதி பத்தொன்பதுப்படி மனுவை வாபஸ் வாங்க தலைவர், செயலாளர் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்னு இருக்கே" என்றார்.

விதியை எழுதியவர் இம்மானுவேல்தான். கடலை தின்றுகொண்டே எழுதியது.

எல்லாரும் எஸ்தரைப் பார்த்தார்கள். எஸ்தர் பேனாவைக் கையில் வாங்கினார். வாங்கியவர், தான் செயலாளராக இருக்கிற பேரவை அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். உக்கிரபாண்டி கோப்பைத் தள்ளினார்.

பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி வரிவரியாகப் படித்தார். மின்விசிறி சுற்றியது. தமிழ்வாணியின் டீயில் ஆடை படர்ந்தது. ஒன்பதாம் பக்கத்தில் எஸ்தரின் விரல் நின்றது.

'...மேற்படி பலகையின் மறைவால், கடந்த பதினான்காம் தேதி மாலை ஐந்து பத்து மணிக்கு, ஐம்பத்து நான்கு வயதுள்ள ஒரு பெண்மணி, இரு கைகளிலும் மைதாப் பைகளுடன், வந்துகொண்டிருந்த பேருந்தைக் காண இயலாமல் சாலையில் இறங்க நேர்ந்தது. பை ஒன்றுக்கு இரண்டு கிலோ வீதம் நான்கு கிலோ மாவு சாலையில் சிந்தியது. பேருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த ஒரு முழத்தை நம்பி மாநகராட்சி இருக்கலாகாது. அந்தப் பெண்மணியின் குடும்பத்தாரால் அது இயலவில்லை.'

எஸ்தர் நிமிர்ந்தார். "அன்னைக்கு நீங்க மாவு எம்புட்டுக் கிலோ போச்சுன்னுதானே கேட்டீங்க?"

"மனுவில எழுத எடை வேணும்ல" என்றார் இம்மானுவேல், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

உக்கிரபாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எஸ்தர் பேனாவை மூடி வைத்தார்.

"வாபஸ் இல்ல மேடம்" என்றார். "பஸ் இன்னும் அதே வளைவுலதான் திரும்புது. என் கேக்கை விக்கிறதுக்கு இன்னொருத்தி மாவோட விழ வேணாம்."

இம்மானுவேலுக்கு நாற்காலி ஒரு அடி கீழே இறங்கியது போலிருந்தது. தன் மனு இரண்டாவது தடவையும் ஜெயித்துவிட்டது. எஸ்தரின் கடை போயிற்று. இப்படி ஒரு வெற்றி எதிரிக்கும் வரக் கூடாது. தானே எழுந்து, ஒன்பதாம் பக்கத்தில் கொஞ்சம் கூட்டித்தான் எழுதிவிட்டேன், பஸ் நின்றது ஒரு முழமல்ல, இரண்டு முழம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தார். பொழுது தாமதமாக விடிந்ததை எழுதிய கை அது. ஆனால் பதினாலு பக்கத்தில் அந்த ஒரு முழம் மட்டும்தான் அளந்து எழுதியது. மறுநாள் டேப்போடு போய், டயர்த் தடத்திலிருந்து மாவுவரை அளந்திருந்தார்.

எஸ்தர் அதற்குள் பக்கத்தைப் புரட்டியிருந்தார். "பதிமூணாம் பக்கத்தைப் பாருங்க மேடம். 'சுவரை ஒட்டி, வெளியே நீளாமல், ஏழடி உயரத்துக்குள், நாலடிக்கு இரண்டடிக்கு மிகாத பலகைக்குப் பேரவைக்கு ஆட்சேபணை இல்லை'ன்னு இவரே எழுதியிருக்கார். எனக்கு அது போதும்."

தமிழ்வாணி எழுந்து, நேரே அந்த வளைவுக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்றார். போனார்கள். டேப்பின் ஒரு நுனியை விண்ணப்பதாரர் பிடித்தார், மறு நுனியைப் பேரவைத் தலைவர் பிடித்தார். இரண்டு நாளில் அனுமதி வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: மேற்படி பலகை விதியை மீறாமல் இருக்கிறதா என்று பேரவைத் தலைவர் மாதம் ஒரு தடவை பார்த்து அறிக்கை தர வேண்டும். இம்மானுவேல் அந்த உத்தரவைச் சட்டம் போட்டு மாட்டினார்.

நாலடிக்கு இரண்டடியில் பதினோரு வரி கொள்ளாது. எம்.எஸ்ஸி. போயிற்று, பி.எட். போயிற்று, மூலப்பொருள் போயிற்று, பொதுமக்களும் போனார்கள். ஒவ்வொரு வார்த்தையாக இஸ்மாயில் அழித்தபோதும் இம்மானுவேல் பல் பிடுங்குகிறவர் முன்னால் உட்கார்ந்திருப்பது போல நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மிஞ்சியது 'எஸ்தர் கேக்'. அடியில் ஒரு அம்புக்குறி.

"இப்பத்தான் அண்ணே, இது போர்டு" என்றார் இஸ்மாயில்.

டிசம்பர் முதல் தேதி கடை திறந்தார்கள். முதல் அரை மணி நேரம் எறும்புதான் வந்தது. இம்மானுவேல் வெளியே நின்று, ஏழடி உயரத்தில் சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்த பலகையைப் பார்த்து, தன் பேனாவை உடைத்துப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது டவுன் பஸ் வந்தது. வளைவில் எறும்பு மாதிரி ஊர்ந்து திரும்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா தலையைத் திருப்பினார். பலகை அவர் மூக்குக்கு நேரே இருந்தது. அதற்கடுத்த ஜன்னல், அதற்கடுத்த ஜன்னல், கடைசி சீட்டு மாப்பிள்ளைகள் வரைக்கும், ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. பத்தடி பிளக்ஸை உயரே கட்டியிருந்தால் பஸ்ஸின் கூரைதான் அதைப் படித்திருக்கும். அடுத்த நிறுத்தத்தில் நாலு பேர் இறங்கித் திரும்பி நடந்து வந்தார்கள். இம்மானுவேல் சொல்வதில் நாற்பது பேர்.

பஸ் ஜன்னலை மனசில் வைத்துத்தான் ஏழடி என்று அன்றைக்கே எழுதினேன் என்று அன்று மாலை அவர் எஸ்தரிடம் சொன்னார். எஸ்தர் கேக்கின் ஓரத்துண்டு ஒன்றை வெட்டி அவர் வாயில் வைத்தார். பேச முடியாமல் போனது.

கடை ஓய்ந்த நேரத்தில் பேரவையின் இரண்டாவது பொதுக்குழு கல்லாவுக்குப் பின்னால் கூடியது. தலைவராக எஸ்தர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இம்மானுவேல் காலியாக இருந்த பொருளாளர் பதவிக்கு இறக்கப்பட்டார். புதுத் தலைவருக்குக் காட்டாமல் எந்த மனுவும் போகக் கூடாது என்பது முதல் தீர்மானம். இரண்டாவது தீர்மானம் எஸ்தர் தானாகச் சொன்னது: மாவு எத்தனை கிலோ என்ற பேச்சை இனி எந்தச் சண்டையிலும் எடுப்பதில்லை.

அந்த இருபதடிக்குப் பத்தடி பிளக்ஸ் வீணாகவில்லை. வீட்டு மொட்டை மாடியில் கேக் சுடப் போட்ட அடுப்புக் கொட்டகைக்கு மேலே மழைக்குக் கட்டியிருக்கிறார்கள். பதினோரு வரியும் ஆகாயத்தைப் பார்த்துக் கிடக்கிறது. மதுரைக்கு இறங்குகிற விமானங்களில் வருகிறவர்களுக்கு, முட்டை சேர்த்தும் சேர்க்காமலும் கிடைக்கும் விவரம் தரையைத் தொடுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

ஜனவரியில், புதுத் தலைவர் கையெழுத்துப் போட்ட முதல் மாத அறிக்கையைக் கொடுக்கப் போனபோது, இம்மானுவேல் உக்கிரபாண்டியிடம் குரலைத் தாழ்த்தி ஒரு சந்தேகம் கேட்டார். வானத்தைப் பார்த்து இருக்கிற பலகைக்கு அனுமதி வேண்டுமா?

உக்கிரபாண்டி கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"மனுவாக் குடுங்க சார்" என்றார். "தலைவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க."